அன்றாட உபயோகத்துக்கு

"யாருக்கு சார் பாக்குறீங்க?" என்று கடைப் பெண் கேட்டதும் அறவாழி யோசிக்காமல் "மச்சினன் பையனுக்கு" என்று சொல்லிவிட்டான். சொன்ன பிறகுதான் மச்சினன் பையன் படிப்பை முடித்து வேலைக்குப் போய் இரண்டு வருஷமாகிறது என்பதும், தான் நிற்பது மஸ்கட் கடைத்தெருவில் அல்ல, திருச்சி தில்லைநகரில் என்பதும் ஒன்றன்பின் ஒன்றாக உறைத்தன. "இல்லம்மா, எனக்குத்தான்" என்றான். செய்த தப்பை ஒப்புக்கொள்கிற மாதிரி வந்தது குரல். அந்தப் பெண்ணின் சட்டையில் ரெஹானா என்று பெயர் குத்தியிருந்தது. முப்பது வயதிருக்கும். "உங்களுக்குத்தான்னு சொல்ல எதுக்கு சார் இவ்ளோ தயக்கம், திருடவா வந்தீங்க" என்று சிரித்துவிட்டு முன்னால் நடந்தாள். கண்ணாடி மேசைகள் மேல் திறந்து வைத்த லேப்டாப்கள், ஒரே உயரம், ஒரே சாய்வு, எல்லாவற்றிலும் ஒரே நீலக்கடல், ஒரே மஞ்சள் மீன். ஒன்றில் வலது ஓரம் போய்த் தொலைந்த மீன் அடுத்ததில் இடது ஓரமாக வந்துவிடும் என்று எதிர்பார்த்து ஒரு நிமிஷம் நின்றான். வரவில்லை. இந்தக் கடைக்காரர்கள் ஏன் எப்போதும் மீனையே போடுகிறார்கள்? இட்லிப் பானையைக் காட்டினால் நிறம் தெரியாதா? இப்படி எதையாவது கேட்டுக்கொண்டு நிற்பது அவனுக்கு மஸ்கட்டிலிருந்து ஊர் திரும்பிய இந்த ஐந்து மாதமாகத்தான். அதற்கு முன்பு நின்று பார்க்க நேரம் இருந்ததில்லை, அல்லது இருந்த நேரத்தில் தூங்கினான்.

பதினொன்று. எண்ணினால் பதினொரு லேப்டாப் அவன் கையால் கடல் தாண்டி வந்திருக்கிறது. ஊருக்குக் கிளம்பும் ஒவ்வொரு முறையும் யாராவது ஒருவர் "அங்க சல்லிசாமே" என்று ஆரம்பிப்பார். மச்சினன், மச்சினன் பையன், எதிர்வீட்டு வாத்தியார், தம்பியின் முதலாளி மகள். ஆளுக்கு ஒன்று கொண்டுவரலாம், வரி கிடையாது என்பது மஸ்கட் அறையில் இருந்த ஆறு பேருக்கும் தெரியும். தெரிந்தும் பயம் போகவில்லை. புத்தம் புதுசாகப் பெட்டியோடு இருந்தால் விற்கக் கொண்டுவந்தது என்று சுங்கத்தில் நினைத்துவிடுவார்களோ, நிறுத்திவைத்துக் கேள்வி கேட்பார்களோ. அதனால் கிளம்புவதற்கு முந்தின சாயங்காலம் அறையில் ஒரு சடங்கு நடக்கும். பழசாக்குவது என்று அதற்குப் பெயரே வைத்திருந்தார்கள். அட்டைப்பெட்டியைக் கிழித்து எறிவார்கள், கண்ணாடித்தாளை உரிப்பார்கள், தேங்காயெண்ணெய் தொட்ட கட்டைவிரலால் மூடியில் நாலு இடத்தில் அழுத்துவார்கள், ஓரத்தில் கம்பெனி ஸ்டிக்கர் ஒன்றை ஒட்டிப் பாதியைப் பிய்ப்பார்கள். கூத்தாநல்லூர் ஜமால்தான் அதில் மன்னன். விசைகளுக்கு நடுவே பிஸ்கட் தூள்கூடத் தூவுவான். திரையில் மனைவி தமயந்தியும் சின்னவளாக இருந்த மகளும் நிற்கும் படம் ஏறும். பிறகு அறவாழி உட்கார்ந்து உள்ளே ஃபோல்டர் உறைகள் செய்வான், வீடு, கணக்கு, பழைய படங்கள், சொந்தம் என்று பெயர் போடுவான். எல்லாம் வெறும் உறை. நாலு மணி நேர விமானப் பயணம் முழுக்க அது அவன் மடியில் இருக்கும், அவனுடையதாகவே இருக்கும். ஒருவரும் ஒரு தடவையும் திறந்து காட்டு என்று கேட்டதில்லை. வீட்டுக்கு வந்ததும் எண்ணெயைத் துடைத்து, உறைகளை அழித்து, படத்தை எடுத்துவிட்டு உரியவரிடம் கொடுத்துவிடுவான். சொந்தம் என்ற அந்த உறைக்குள் எதைப் போட்டிருப்போம் என்று அப்போது தோன்றியதே இல்லை. இப்போது தோன்றுகிறது, அதுவும் ஒரு கடையின் நடுவில் நிற்கும்போது. கடைசியாகக் கொண்டுவந்தது மகளுக்கு. அது அவளோடு கோயம்புத்தூர் விடுதியில் இருக்கிறது.

"என்ன யூஸுக்கு சார்?" என்றாள் ரெஹானா. "கேமிங், எடிட்டிங் அந்த மாதிரியா?" "இல்லம்மா, டெய்லி யூஸ்தான்." "பட்ஜெட்?" "நாப்பதுக்குள்ள." "அப்ப இந்த வரிசைதான் சார், டெய்லி யூஸுக்கு இதெல்லாம் தாராளமாப் போதும்." போதும் என்று அவள் சொன்னதில் ஒரு நிம்மதி இருந்தது, ஆனால் டெய்லி என்ற சொல் தொண்டையில் மீன்முள் மாதிரி நின்றுவிட்டது. அவனுடைய டெய்லி எது? மஸ்கட்டில் கேட்டிருந்தால் தூக்கத்தில்கூடச் சொல்வான். ஐந்தே காலுக்குக் குளியலறையில் அவன் முறை, ஐந்தே முக்காலுக்கு வேன், ஏழிலிருந்து துறைமுகத்துக்கு வரும் கப்பல்களுக்குப் போகவேண்டிய சாமான் பட்டியல், வெங்காயம் எத்தனை மூட்டை, கயிறு எத்தனை சுருள், சமையல்காரர் பிலிப்பைன்ஸ் ஆளா நம்மூர் ஆளா, அதைப் பொறுத்து அரிசி. இருபத்திரண்டு வருஷம் யாரோ சாப்பிடும் சோற்றைக் காகிதத்தில் எழுதிய டெய்லி. இங்கே வீட்டில் நடப்பது தமயந்தியின் டெய்லி. பால், வாசல், காலையில் நர்சரிப் பள்ளி வேலை, மதியம் அரை மணி கண்ணயர்தல், நாலரை மணியிலிருந்து ஏழரை வரை ஹாலில் பதினாலு பிள்ளைகளுக்கு டியூஷன். கடிகாரத்தைப் பார்க்காமலே ஒன்று முடிந்து இன்னொன்று தொடங்கும். அவன் அதற்கு நடுவில் நாற்காலியில் இருப்பான், அவள் தரையைத் துடைத்துக்கொண்டே வந்து "கொஞ்சம் காலத் தூக்குங்க" என்பாள். கோபம் ஒன்றும் கிடையாது. நாற்காலிக் காலைத் தூக்குவதுபோல அவன் காலையும் தூக்கிவைத்துவிட்டுத் துடைப்பாள், அவ்வளவுதான். லேப்டாப் வாங்கினால் எங்கே வைப்பது என்று நேற்றுச் சுற்றிப்பார்த்தான். சமையலறை மின்சொருகு மிக்சிக்கு, கூடத்துச் சொருகு மோட்டார் சுவிட்சுக்கு, படுக்கை பக்கம் அவள் போனுக்கு. வீட்டின் ஒவ்வொரு ஓட்டைக்கும் ஒரு வேலை இருந்தது.

போன் சட்டைப்பையில் ஒரு தடவை அதிர்ந்தது. எடுக்காமலே தெரியும், தாமஸ் சார். பழைய மேலாளர். நல்ல மனுஷன், செய்தி அனுப்பினால் எல்லா வாக்கியத்துக்கும் பின்னால் கும்பிடும் படம் ஒன்றைப் போடுவார். கம்பெனி ஆள் குறைத்தபோது கண் கலங்கியவரும் அவர்தான், மறுபடி ஒரு இடம் காலியாகியிருக்கிறது, உன் பெயரைத்தான் முதலில் சொன்னேன் என்று போன வாரம் அழைத்தவரும் அவர்தான். இன்று வியாழன், அங்கே நாளை விடுமுறை, அதனால் சாயங்காலம் ஆறுக்குள் சரி என்றோ இல்லை என்றோ ஒரு வார்த்தை சொல்லியாகவேண்டும். ஆறு என்றால் மஸ்கட் ஆறு, இங்கே ஏழரை. ஐந்து மாதமாகியும் மனசு முதலில் அங்கத்து மணியைப் பார்த்துவிட்டு அப்புறம் ஒன்றரையைக் கூட்டுகிறது. இன்னொரு பக்கம் சென்னைக் கம்பெனி. மிக்சி, கீசர், குழந்தை வண்டி இவற்றோடு வரும் விளக்கப் புத்தகங்களை இங்கிலீஷிலிருந்து தமிழாக்கும் வேலை, வீட்டிலிருந்தே. பத்தாவது வரை தமிழில் படித்துப் பிறகு இங்கிலீஷுக்கு மாறி இரண்டிலும் ஒவ்வொரு காலை வைத்தே வாழ்ந்ததற்கு இப்போதுதான் ஒருவர் காசு தருவதாகச் சொல்கிறார். பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து எழுதிய பரீட்சையில் தேறிவிட்டான். திங்கட்கிழமை முதல் வேலை வரும், சொந்தமாக மெஷின் இருக்கவேண்டும் என்றார்கள். வருமானம் மஸ்கட்டில் வந்ததில் பாதிகூட இல்லை. தமயந்தியின் சம்பளத்தோடு சேர்ந்தால் ஓடும். ஓடுவதல்ல பிரச்சினை. "இருக்கவா, போகவா?" என்று அவளிடம் கேட்டதற்கு வெண்டைக்காயை நறுக்கிக்கொண்டே "உங்க இஷ்டம்" என்றாள். இரண்டு சொல். இருபத்திரண்டு வருஷமாகப் போனில் எதைக் கேட்டாலும் அந்த இரண்டு சொல்தான். மகளை எந்தப் பள்ளியில் சேர்ப்பது, மாடியில் ஒரு அறை கட்டலாமா, உங்க இஷ்டம். எதிரே நின்று சொல்லும்போதாவது முகத்திலிருந்து ஏதாவது தெரியும் என்று இருந்தான். வெண்டைக்காய்தான் தெரிந்தது, ஒரே அளவு வட்டங்களாக.

"சார், லிஸ்ட் எழுதிட்டு வந்திருக்கீங்களா? பரீட்சைக்கு வந்த மாதிரி!" ரெஹானா அவன் கையிலிருந்த தாளை எட்டிப்பார்த்தாள். மூன்று வாரம் இரவும் பகலுமாக வலைத்தளங்களில் படித்துச் சேர்த்த குறிப்பு. எட்டு ஜிபி ரேம் போதும், பதினாறு இருந்தால் நல்லது, எஸ்எஸ்டி கட்டாயம், கீல் ஆடக்கூடாது, விசிறிச் சத்தம், விசைகள் அழுந்தும் ஆழம். முகம் தெரியாத எவ்வளவு பேர் எவ்வளவு அக்கறையாக எழுதியிருந்தார்கள் என்பதே அவனுக்கு ஆச்சரியம். ஒருவர் மூடியை ஒற்றை விரலால் திறக்க முடிகிறதா என்பதற்கு மட்டும் ஒரு பக்கம் எழுதியிருந்தார். அப்படி ஒரு மனுஷன் எங்கே உட்கார்ந்து எழுதுவான், அவன் வீட்டில் யாரும் காலத் தூக்கு என்று சொல்லமாட்டார்களா? ஒற்றை விரலால் ஒன்றைத் திறந்தான். அடிப்பாகமும் சேர்ந்து எழுந்தது. அடுத்தது. அதுவும். மூன்றாவது சாம்பல் நிறம், அடிப்பாகம் மேசையிலேயே இருக்க மூடி மட்டும் மெதுவாக வந்தது. சந்தோஷமாக இருந்தது, யாரிடமாவது காட்டவேண்டும்போல. குனிந்து விசைப்பலகையருகே மூக்கைக் கொண்டுபோனான். "எல்லாரும் ரேம் எவ்ளோன்னு கேப்பாங்க, மோந்து பாக்குற கஸ்டமர் நீங்கதான் சார் முதல்ல" என்றாள் அவள். "புதுசு வாசனை வருதான்னு பாத்தேம்மா." "டிஸ்ப்ளே பீஸ் சார், ஊரே தொட்டுருக்கு, அதுல என்ன வாசனை வரும்?" அவள் வேறொரு வாடிக்கையாளரைப் பார்க்கப் போனாள். ஊரே தொட்டிருந்தது உண்மைதான். எழுதிப்பார்க்கும் பக்கத்தைத் திறந்தால் அதில் மேலிருந்து கீழ்வரை வந்துபோனவர்கள் அடித்துப் பார்த்த வரிகள். பாதிக்குமேல் விரலை விசை வரிசையில் இழுத்த வெறும் எழுத்துகள். ஹாய் ஹாய் ஹாய். கவின் கவின் கவின். அப்பா கஞ்சம். சாமி துணை. என் பெயர் மெர்சி ஆறாம் வகுப்பு. என்ன வாழ்க்கைடா இது. மறுபடி ஹாய். படிக்கப்படிக்க விடமுடியவில்லை. அப்பா கஞ்சம் என்று அடித்த பிள்ளைக்கு வாங்கிக் கொடுத்தார்களா இல்லையா? என்ன வாழ்க்கை என்று கேட்டவர் விலையைப் பார்த்துவிட்டுக் கேட்டாரா, வேறு எதையாவது பார்த்தா? வாங்கப் போகும் பொருளைச் சோதிக்க ஒரு வரி அடிக்கச் சொன்னால் மனுஷனுக்கு முதலில் வருவது தன் பெயர், அல்லது சாமி, அல்லது புகார். தனக்கு எது வரும் என்று பார்ப்போமே என்று விரல்களை வைத்தான். தட்டச்சு நிலையத்தில் தமிழும் இங்கிலீஷும் ஹையர் பாஸ் செய்த விரல்கள். பக்கத்துத் திரையில் மீன் இரண்டு தடவை கடந்து போயிற்று. கடைசியில் வந்தது பரீட்சையில் தமிழாக்கிய கீசர் புத்தகத்தின் வரி: ஈரக் கையால் இந்தச் சாதனத்தைத் தொடாதீர்கள். விசைகள் நன்றாகவே இறங்கின, சத்தமில்லாமல். திரும்பி வந்த ரெஹானா அதைப் படித்துவிட்டு இரண்டு உள்ளங்கையையும் விரித்துக் காட்டினாள். "காஞ்ச கைதான் சார் பாருங்க. எங்களயே மிரட்டுறீங்களே."

அவன் சிரித்தான். சிரித்துக்கொண்டே அந்த வரியை மறுபடி படித்தான். தொடாதீர்கள். ஐந்து மாதமாக அந்த வீட்டில் அவன் அப்படித்தான் இருந்திருக்கிறான், ஈரக் கையோடு சாதனத்தின் முன் நிற்பவனாக. எந்தப் பாத்திரம் எந்த அடுக்கில் என்று தெரியாமல் எடுத்து, தவறான இடத்தில் வைத்து, அவள் வந்து சத்தமில்லாமல் மாற்றிவைப்பாள். டியூஷன் பிள்ளைகள் அவனை அங்கிள் என்று கூப்பிடுவதா, டீச்சர் வீட்டு சார் என்று கூப்பிடுவதா என்று தெரியாமல் விழித்து, கடைசியில் ஒன்றுமே கூப்பிடாமல் நகர்ந்துபோகிறார்கள். அவனும் தமயந்தியும் மகளும் சேர்ந்திருந்த மாதங்களைக் கூட்டினால், வருஷத்துக்கு ஒரு மாதம், இரண்டு வருஷம்கூடத் தேறாது. அவளுக்கு அவன் விருந்தாளி. விருந்தாளி கிளம்பும்போது இருக்கச் சொல்வது மரியாதை, இருந்தே விட்டால்? உங்க இஷ்டம் என்பது அந்த மரியாதைதானா? போ என்று சொல்ல மனமில்லாமல் சொன்னதா, இரு என்று கேட்கக் கூச்சப்பட்டுச் சொன்னதா? கீசர் புத்தகத்தில் என்றால் எளிது. இங்கிலீஷ் வாக்கியம் பக்கத்திலேயே இருக்கும், சந்தேகம் வந்தால் திரும்பிப் பார்க்கலாம். தமயந்திக்கு மூலப் பிரதி எங்கே இருக்கிறது? இருபத்திரண்டு வருஷம் போனில் பேசியும் கேட்க மறந்தது என்ன? இப்படிக் கேட்டுக்கொண்டு நிற்கும்போது பயம் இருந்தாலும் அதற்கு அடியில் வேறொன்றும் இருப்பதைக் கவனித்தான். தெரிந்துகொள்ளவேண்டும் என்று ஆசை. அவள் ஏன் அரை மணி மட்டும் தூங்குகிறாள், வெண்டைக்காயை ஏன் எப்போதும் வாலிலிருந்து நறுக்குகிறாள், டியூஷன் இல்லாத ஞாயிற்றுக்கிழமை சாயங்காலங்களில் அவன் இல்லாத வருஷங்களில் என்ன செய்தாள். ஒரு மாத விடுமுறையில் இதையெல்லாம் கேட்க முடியாது. இதற்கு நாள் கணக்கில் பக்கத்தில் இருந்தாக வேண்டும்.

"சாம்பல் கலரே குடுத்துரும்மா" என்றான். "நல்ல செலக்ஷன் சார்" என்று அவள் சொன்னது எல்லோரிடமும் சொல்வது என்று தெரிந்தும் பிடித்திருந்தது. உடனே அவள் மேசைக்குப் பின்னால் போய் ஒரு படிவத்தை எடுத்தாள். "வாரண்டி மட்டும் சொல்லிருங்க. ரெண்டு விதம் இருக்கு. ஒன்னு ஒரு வருஷம், எந்த நாட்டுக்குக் கொண்டு போனாலும் செல்லும், ஆனா நீங்கதான் சர்வீஸ் சென்டருக்குத் தூக்கிட்டுப் போகணும். இன்னொன்னு மூணு வருஷம், வீட்டுக்கே ஆள் வந்து பாத்துத் தருவாங்க. அது இந்தியாவுக்குள்ள மட்டும். ரெண்டும் ஒரே விலைதான், ஆஃபர்ல." மூடியைத் திறந்து மூடுகிற மாதிரி அவ்வளவு சாதாரணமாகச் சொல்லிவிட்டு, எந்தக் கட்டத்தில் டிக் போடுவது என்று பேனாவைப் பிடித்தபடி அவனைப் பார்த்தாள். மூன்று வாரம் படித்த குறிப்பில் இது இல்லை. அந்த ஒற்றை விரல் மனுஷர்கூட இதைப் பற்றி எழுதவில்லை. போன் இன்னொரு தடவை அதிர்ந்தது. குளிரூட்டியின் காற்று சரியாக அவன் பிடரியில் விழுந்துகொண்டிருந்தது. ஒரு வருஷம், எந்த நாட்டுக்கும். மூன்று வருஷம், வீட்டுக்கு. "சார்?" என்றாள் ரெஹானா. "எது போடட்டும்?" "வீட்டுக்கு வர்றது" என்றான். தன் வாயிலிருந்துதான் வந்ததா என்று ஒரு கணம் பார்த்தான். அவள் அதற்குள் டிக் போட்டுவிட்டாள். "அப்ப இதுல அட்ரஸ் எழுதிருங்க சார், கரெக்ட்டா. டெக்னீஷியன் தேடி வரணும்ல." மஸ்கட் படிவங்களில் எப்போதும் இரண்டு கட்டம் இருக்கும், இப்போதைய முகவரி, நிரந்தர முகவரி. விசாவுக்கு, வங்கிக்கு, மருத்துவத்துக்கு என்று முதல் கட்டத்தை யோசித்து எழுதுவான், இரண்டாவதைக் கை தானாக எழுதிவிடும். இந்தத் தாளில் ஒரே ஒரு கட்டம். 42பி, மூன்றாவது குறுக்குத்தெரு, உறையூர் என்று கை ஓடியது. ரெஹானா தலைகீழாகவே படித்து, "நாப்பத்திரெண்டு பி பழைய நம்பரா புது நம்பரா சார்? உறையூர்ல எல்லாம் மாத்திட்டாங்களே" என்றாள். அவனுக்குத் தெரியவில்லை. தன் வீட்டு வாசல் பலகையைக் கண்ணுக்குள் கொண்டுவர முயன்றான். நீலத் தகடு ஒன்று இருக்கிறது. அதில் எண் ஒன்றும் இருக்கிறது. ஐந்து மாதம் அதைத் தாண்டித்தான் உள்ளே போயிருக்கிறான்.

தமயந்தியை அழைத்தான். எடுத்ததும் முதலில் பிள்ளைகள் குரல்தான் கேட்டது, பதிமூன்றாம் வாய்ப்பாடு, ராகம் போட்டு. அதற்கு மேலாக அவள் குரல். "சொல்லுங்க, புள்ளைங்க இருக்கு." "நம்ம வீட்டு நம்பர் நாப்பத்திரெண்டு பி தானே?" "அது பழசுங்க. மாத்தி ஒம்பது வருஷமாச்சு. யார் கேக்குறா?" "கடையில. லேப்டாப் ரிப்பேர்னா வீட்டுக்கே வந்து பாப்பாங்களாம், மூணு வருஷத்துக்கு. இந்தியாவுக்குள்ள மட்டுந்தானாம். அங்க கொண்டு போனாச் செல்லாது." சொல்லிவிட்டு நின்றான். பதிமூன்று எட்டு நூற்று நாலு. பதிமூன்று ஒன்பது நூற்றுப் பதினேழு. வாய்ப்பாடு தேய்ந்து, ஒவ்வொரு குரலாக விழுந்து, நின்றேவிட்டது. டீச்சர் முகத்தைப் பார்த்துத்தான் நின்றிருக்க வேண்டும். அந்த முகத்தில் என்ன இருந்தது என்று பதினாலு பிள்ளைகளுக்கும் தெரியும், அவனுக்கு மட்டும் தெரியாது. "யார் நிறுத்தச் சொன்னா? முதல்லேருந்து சொல்லுங்க" என்று அவள் அங்கே அதட்டினாள். குரல் வழக்கத்தைவிடச் சத்தமாக இருந்தது. பிறகு போனுக்குத் திரும்பி, "பதினேழு. பதினேழுன்னு போடுங்க. நல்லா தெளிவா எழுதுங்க, உங்க ஒன்னும் ஏழும் எப்பவும் ஒரே மாதிரிதான் இருக்கும், வர்றவன் பதினொன்னாம் நம்பர் வீட்டுக்குப் போய் நிக்கப் போறான்" என்றாள். போனை வைக்கவில்லை. அவன் நாற்பத்திரண்டு பி-யைக் கோடிட்டு அடித்தான். அதன் மேலே ஒன்றை நேராக இழுத்தான். ஏழின் தலையை அகலமாகப் போட்டு, கழுத்தை வளைத்து, காலைக் கீழே கொண்டுவந்தான். "எழுதிட்டீங்களா?" என்றாள். "எழுதிட்டேன்" என்றான்.